புகையிலையும் பாதுஷாவின் ஆணையும்

புகையிலை நம் நாட்டுப் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்த்துக்கீசியர் வழியே இங்கு வந்தது. 1604-ஆம் ஆண்டையொட்டி, அசத் பேக் அதனைப் பீஜப்பூரிலிருந்து கொணர்ந்து அக்பருக்குக் காணிக்கையாக்கினார். அரண்மனை மருத்துவர் தடுக்கவே, பாதுஷா சில இழுப்புகளோடு நிறுத்திக்கொண்டார், பிரபுக்களோ பழகிவிட்டனர். 1617-இல் ஜஹாங்கீர் விதித்த தடையும் பலிக்கவில்லை.

புகைப்போரையே நுரையீரல் புற்றுநோய் மிகுதியாகப் பற்றுகிறது என்பதை 1950-இல் பிரிட்டனில் டால், ஹில் என்னும் இருவரின் ஆய்வு புலப்படுத்திற்று. பொது இடங்களில் புகைத்தலை 2008-இல் நம் அரசு தடுத்தது. ஆயினும் ஆணை வீட்டு வாயிலோடு நின்றுவிடும். அதற்கப்பால் மனவுறுதியும் மருத்துவத் துணையுமே வேண்டும். ஒரு நாளைக் குறித்து, வீட்டாருக்கு அறிவித்து, அன்றே முற்றும் விடுக. எரிச்சலும் உறக்கமின்மையும் சில வாரங்களில் தணியும். தவறினும் மீண்டும் முயல்க. அக்பர் பழகுமுன் நிறுத்தினார். பழகியவர்க்கும் வழி அடைபடவில்லை.