தொட்டால் தீட்டு! தொடாவிட்டால் சாவு!

மேல்நிலைத் தேர்வின் முடிவு வெளிவந்த வாரத்தில் நாஞ்சில் நாட்டுப் பள்ளிகளில் எந்த ஆசிரியரும் தனித்து அமர முடியாது. பிள்ளைகள் வருவர், பிள்ளைகளுக்கு முன்னே பெற்றோர் வருவர். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எவ்வளவு கட்டணம், எப்போது வேலை — கேள்விகள் மழையெனப் பொழியும். அவ்வாறு நம்மிடம் வந்தார் ஒரு தந்தையார். உழுது பிழைப்பவர். அவர் மகள் உயிரியல் பயின்று நல்ல மதிப்பெண் பெற்றவள். செவிலியர் பட்டப்படிப்பில் சேரத் துடிக்கிறாள். தந்தையார் தலையை அசைத்தார்.

"நர்சு வேண்டாம் சாரே. கண்டவன் உடம்பையும் தொடணும்லா? நம்ம ஆட்களுக்கு அது கொறச்சலாக்கும்."

தொட வேண்டுமே என்பதுதான் அவர் கவலை. இராப்பணி என்று அஞ்சினாரில்லை. வெளியூர் விடுதி என்று தயங்கினாரில்லை. 'தொடணும்லா' என்ற அந்த ஒரு சொல் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. ஏனெனில் அது அந்த எளிய உழவர் கண்டெடுத்த சொல்லன்று. அவருக்கு முன்னே பல தலைமுறையாக இந்த மண்ணில் அரசாண்ட சொல் அது. யார் யாரைத் தொடலாம், யார் எவ்வளவு தொலைவில் நிற்கவேண்டும், யாருடைய நிழல் யார்மீது படலாகாது என்று அளந்து வைத்த திருவிதாங்கூர் அரசின் அடிமண்ணிலிருந்து முளைத்த சொல்!

தோழர்களே! மருத்துவத்தை மதிப்பதாக இன்று பேசும் வைதிகம், மருத்துவனை எங்கே வைத்திருந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மனுநூலின் நான்காம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். எவரெவர் இல்லத்து உணவை உண்ணலாகாது என்று ஒரு பட்டியல் வரும். அப்பட்டியலில் மருத்துவனும் இருக்கிறான். அவன் தரும் உணவு சீழுக்கு ஒப்பானதென்று சொல்கிறது அந்த அறநூல்! நோயாளியின் புண்ணைத் தொட்டவன், குருதியைக் கண்டவன், ஆகவே தூய்மை கெட்டவன். உயிரைக் காப்பவனுக்கு வைதிகம் அளித்த பட்டம் இது.

நம் வள்ளுவர் என்ன செய்தார்? மருந்து என்றே ஓர் அதிகாரம் வகுத்தார், தொண்ணூற்றைந்தாவது அதிகாரம். அதன் இறுதிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டென எண்ணிக் காட்டினார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, நான்காவதாக 'உழைச்செல்வான்'. நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தைக் கொடுத்து, உடலைத் துடைத்து, இரவெல்லாம் விழித்திருப்பவன். இன்று செவிலியர் என்கிறோமே, அவரேதான்! மருத்துவனுக்கு ஒரு கூறு தந்தவர் செவிலிக்கும் ஒரு கூறு தந்தார்; குறைத்துத் தரவில்லை. செவிலி என்ற சொல்லும் நமக்குப் புதிதன்று. பழந்தமிழ்ப் பாடல்களில் தலைவியை வளர்த்தெடுக்கும் தாய்க்கு அதுவே பெயர்.

சொல் உயர்ந்த சொல். தொழில் செய்தவர் நிலை என்ன? ஊர்தோறும் பிள்ளைப்பேறு பார்த்தவள் மருத்துவச்சி. அவள் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண். நள்ளிரவில் கதவைத் தட்டி அழைத்துச் செல்வார்கள். அவள் கைதான் குழந்தையை முதலில் ஏந்தும். குழந்தை அழுதபின், தாய் பிழைத்தபின், அதே கை தீட்டுக் கையாகிவிடும். கூலியாக நெல்லும் பழந்துணியும் புறவாசலில் கிடைக்கும். இந்தக் கொடுமையை வழக்கம் என்று அழைத்தார்கள். செவிலித்தொழில் 'கொறச்சல்' என்று இன்று ஒரு தந்தை கருதுகிறாரென்றால், அக்கருத்து பிறந்த இடம் அந்தப் புறவாசல்தான்.

தீண்டாமைக்கும் மருத்துவத்துக்கும் இங்கே நடந்த முதற்போர் அம்மை குத்துவதில் நடந்தது. இராணி இலக்குமிபாய் ஆட்சிக்காலத்தில், 1813இல், திருவிதாங்கூரில் அம்மை குத்தும் துறை ஏற்பட்டது. ஒருவர் கையில் குத்தி எழுந்த கொப்புளத்தின் நீரை எடுத்து அடுத்தவர் கையில் குத்துவது அந்நாளைய முறை. கொப்புளம் எந்தச் சாதியாருடையது? குத்திக்கொள்ளும் கை எந்தச் சாதியாருடையது? கிருமிக்குத் தெரியாத வேறுபாடு மனிதனுக்குத் தெரிந்தது, முகம் சுளித்தான். அம்மனின் சினம் என்று சொல்லிக் கூழ் ஊற்றினான், வேப்பிலை கட்டினான். அந்தப் பெரியம்மை 1980இல் உலகைவிட்டே ஒழிந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது கூழா, ஊசியா என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

இனி நெய்யூருக்கு வருவோம். இலண்டன் மிஷன் சங்கத்தார் 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்டு இராம்சேயை அங்கே அமர்த்தினர். அவருக்குப் பின் வந்த டாக்டர் லீச் 1854இல் கடலில் மூழ்கி இறந்தார். 1861இல் வந்த டாக்டர் ஜான் லோ, இந்த வரலாற்றில் நாம் நின்று பார்க்கவேண்டிய ஒரு காரியம் செய்தார். தாம் ஒருவரே மருந்து கொடுத்துக்கொண்டிராமல், உள்ளூர் இளைஞர்களைத் திரட்டி வகுப்பு நடத்தினார். உடற்கூறு, மருந்தியல், அறுவை ஆகியவற்றைக் கற்பித்தார். தேறியவர்களைக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பினார். கல்லூரி என்று பலகை மாட்டாவிட்டாலும், குமரி மண்ணில் மருத்துவக் கல்வி பிறந்த திண்ணை அதுதான்.

அந்த மிஷனார் மதம் பரப்ப வந்தவர்கள். மருந்துக்கு முன்னே வேதம் வாசித்தவர்கள். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை, அதற்காக மகிழவும் வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது, அந்தத் திண்ணையில் அமர்ந்த மாணவர் யார் என்பது. தென் திருவிதாங்கூர்ச் சபையில் சேர்ந்திருந்தோர் பெரும்பாலும் நாடார், சாம்பவர் முதலிய ஒடுக்கப்பட்ட வகுப்பினர். எவரைக் கண்டால் வழிவிட்டு விலகவேண்டுமென்று சட்டமும் சாத்திரமும் சொல்லினவோ, அவருடைய நாடியைப் பிடித்துப் பார்க்கும் உரிமை அப்பிள்ளைகளுக்கு வந்தது! வயிற்றுவலி வந்தால் உயர்சாதியாரும் நெய்யூருக்கு வந்தனர். ஒரே கூடத்தில் காத்திருந்தனர். வலி சாதியை வென்றது. ஆனால் வீடு திரும்பிக் குளித்தவர் எத்தனை பேரோ!

அதே ஆண்டுகளில் வெளியே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தோள்சீலைக் கலகத்தின் இறுதிக் கட்டம் 1858–59. பெண்கள் மார்பை மூடியதற்காகச் சந்தையில் சேலை கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிக்கப்பட்டன. 1859ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆணை பிறப்பித்தார். முரட்டுத் துணியால் மூடிக்கொள்ளலாமாம்; உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியலாகாதாம்! உரிமையிலும் ஓர் ஒட்டு! அதே 1859இல் கடல்கடந்த இங்கிலாந்தில் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் செவிலித் தொழில் பற்றிய தம் நூலை வெளியிட்டார். மறு ஆண்டு இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கும் அத்தொழில் அந்நாள்வரை குடிகாரிகளின் பிழைப்பென இகழப்பட்டது. செல்வக் குடியில் பிறந்த அவரைப் போகாதே என்று தடுத்தது அவர் குடும்பமே. நம் உழவர் தந்தை தனியர் அல்லர்!

1890களில் இரட்சணிய சேனையார் நாகர்கோவிலில் கேதரின் பூத் மருத்துவமனையைத் தொடங்கினர். நெய்யூருக்கு 1920களில் டாக்டர் சாமர்வெல் வந்து சேர்ந்தார். 1922இல் எவரெசுட்டு ஏறச் சென்ற குழுவினருள் ஒருவர் அவர். மலையைவிட்டு இறங்கித் தெற்கே சுற்றி வந்தவர், நெய்யூரில் ஒரே அறுவை மருத்துவரை நம்பிக் காத்துக் கிடந்த கூட்டத்தைக் கண்டார். இலண்டனில் காத்திருந்த உயர்பதவியை உதறிவிட்டு இங்கேயே தங்கினார். மலையேறிகளைப் பற்றிய நூல்களில் அவர் பெயரைக் காணும் இளைஞர்கள், நெய்யூர் என்ற பெயரையும் தேடிப் பாருங்கள்.

வெளிநாட்டார் கதை போதும். நம்மவர் படிக்கப் புறப்பட்டபோது என்ன ஆயிற்று? 1863இல் திருவனந்தபுரத்தில் பிறந்த பல்பு என்ற ஈழவ இளைஞருக்குத் திருவிதாங்கூரில் மருத்துவம் பயில இடம் மறுக்கப்பட்டது. சென்னை சென்று படித்துத் தேறித் திரும்பினார். டாக்டர் பல்புவுக்கு வேலை மறுக்கப்பட்டது! அறிவிலே குறையா? இல்லை. கைத்திறனிலே குறையா? இல்லை. பிறப்பிலே குறை! மைசூர் அரசு அவரை அழைத்துக்கொண்டது. 1898இல் பெங்களூரைக் கொள்ளைநோய் பிடித்தபோது, பிணங்களுக்கு நடுவே நின்று பணியாற்றியவர் அவர். அதற்கு ஈராண்டு முன்பே, 1896இல், 13,176 பேர் கையொப்பமிட்ட ஈழவர் விண்ணப்பத்தைத் திருவிதாங்கூர் அரசின் முன் வைத்திருந்தார். தம் ஒருவருக்கு மூடிய கதவை ஓர் இனத்துக்கே திறக்கப் போராடினார்.

பல்புவுக்குப் பிறப்பு தடை. மேரி புன்னன் அம்மையாருக்குப் பெண்ணாயிருந்தது தடை. 1886இல் பிறந்தவர், தந்தையார் திருவிதாங்கூரின் அரண்மனை மருத்துவர். மகளுக்கும் மருத்துவராகும் ஆசை. திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் அறிவியல் வகுப்பில் சேரப் போனார். பெண்ணுக்கு அறிவியல் இல்லை என்றார்கள்! வேறு வழியின்றி அவர் எடுத்த பாடம் என்ன தெரியுமா? வரலாறு! (வரலாறு படித்து என்ன கிழித்தாய் என்று நம்மைக் கேலி பேசும் நண்பர்கள் கவனிப்பார்களாக.) 1909இல் பட்டம் பெற்றார், பின்னர் இலண்டன் சென்று மருத்துவப் பட்டம் பெற்று 1916இல் திரும்பினார். தைக்காட்டு மகளிர் மருத்துவமனையில் பணியேற்றார். அங்கே அவர் செய்த ஒரு செயல் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. நாட்டு மருத்துவச்சிகள் தம் பிழைப்புப் போய்விடுமென்று அஞ்சினர். அவர்களை விரட்டவில்லை அம்மையார். அவர்கள் பெண்மக்களை அழைத்துப் பேறுகாலப் பயிற்சி அளித்தார். புறவாசலில் நின்றவளின் மகள் முன்வாசல் வழியே மருத்துவமனைக்குள் நுழைந்தாள்! 1938இல் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரியானார் அம்மையார். 32 அரசு மருத்துவமனைகள் அவர் ஆளுகையின் கீழ் வந்தன. நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமைந்ததும் அவர் முயற்சியால். அறிவியல் வகுப்பின் வாயிலில் திருப்பி அனுப்பப்பட்ட பெண் அவர்!

தமிழகத்தில் அதே 1886இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் ஒற்றைப் பெண்ணாக அமர்ந்து பயின்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறியதை நம் இயக்கத்தோழர் யாவரும் அறிவர்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் குமரி தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. அதன்பின்னும் நம் மாவட்டத்துக்கென அரசு மருத்துவக் கல்லூரி ஆசாரிபள்ளத்தில் எழுந்தது 2001இல்தான், நாற்பத்தைந்து ஆண்டு! கல்லூரி வந்தது, 2017இல் நீட் என்ற பூட்டும் வந்தது. மேல்நிலைத் தேர்வில் 1200க்கு 1176 பெற்ற அரியலூர் அனிதாவை அந்த ஆண்டு இழந்தோம். அரசுப்பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அது சாளரம், கதவு இன்னும் பூட்டியே இருக்கிறது.

ஆயினும் மருத்துவர் பட்டம் ஒன்றே மருத்துவத் துறை என்று நம் பெற்றோர் எண்ணுவதையும் நாம் பொறுப்பதற்கில்லை. நான்காண்டுச் செவிலியர் பட்டம் உண்டு. மூன்றாண்டுப் பட்டயம் உண்டு. மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், ஆய்வகத்தார் எனப் படிப்புகள் பல உண்டு. ஆடவரும் செவிலியராகலாம்; ஆகின்றனர். தனியார் மருத்துவமனைகளில் ஊதியம் குறைவு, இரவுப்பணி மிகுதி என்ற குறையை மறைக்க நாம் தரகர் அல்லர். அது சங்கம் கூடிப் போராடித் தீர்க்கவேண்டிய குறை. 'தொடுவது கொறச்சல்' என்பதோ குறையே அன்று; அது மனு எழுதி வைத்த பொய்.

மறுநாள் அந்தத் தந்தையாரை மீண்டும் கண்டோம். மேரி அம்மையாரின் கதையைச் சொன்னோம். மருத்துவச்சியின் கதையையும் சொன்னோம். முன்னதை அமைதியாகக் கேட்டவர், பின்னதைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"எங்கம்மை பிரசவத்துக்கும் ஒரு மருத்துவச்சிதான் வந்தாளாம் சாரே. நான் கால் திரும்பிக் கெடந்தேனாம். அவ இல்லேன்னா ரெண்டு உசிரும் போயிருக்கும்னு அம்மை சொல்லுவா."

"அவள் பெயர் என்ன அண்ணாச்சி?" என்றோம்.

அவருக்குத் தெரியவில்லை. நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் எது என்று கேட்டார்.