சேலம்-புதுச்சேரி: வானத்தில் 191 கி.மீ., ரோட்டில் 230 கி.மீ.

எலவனாசூர்கோட்டை:

கள்ளக்குறிச்சி 2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந்தேதி தனி மாவட்டம் ஆனது. ஆனால் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. மேற்கே ஓமலூர் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் ஏர்போர்ட், கிழக்கே லாஸ்பேட்டையில் இருக்கும் புதுச்சேரி ஏர்போர்ட். இந்த இரண்டுக்கும் நடுவில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது எலவனாசூர்கோட்டை.

இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நேர்கோடு போட்டால் தூரம் சுமார் 191 கி.மீ. விமானிகள் கணக்கில் 103 கடல் மைல். கோடு ஏற்காடு மலை மேல் ஏறி, கல்வராயன் மலையைத் தாண்டி, திருக்கோவிலூருக்குத் தெற்கே போய், விழுப்புரம் வழியாகப் புதுச்சேரியில் இறங்குகிறது. எலவனாசூர்கோட்டை இந்தக் கோட்டுக்குச் சுமார் 20 கி.மீ. தெற்கே.

ரோட்டில் போனால் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக சுமார் 230 கி.மீ. காரில் 4 மணி நேரமாவது ஆகும்.

பறப்பது 25 நிமிஷம்

இந்தச் சின்ன ஏர்போர்ட்டுகளுக்கு வருவது ஏ.டி.ஆர். ரக புரொப்பல்லர் விமானம். மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகம். அந்த வேகத்தில் 191 கி.மீ. என்பது வெறும் 23 நிமிஷம். ஆனால் மேலே ஏற, கீழே இறங்க, ஓடுபாதைக்கு ஊர்ந்து போக என்று சேர்த்தால் 40, 45 நிமிஷம் வந்துவிடும். பெரிய விமானத்துக்கு வழியில்லை. சேலம் ஓடுபாதை 6 ஆயிரம் அடி. புதுச்சேரியில் அதைவிடக் குறைவு, சுமார் 1,500 மீட்டர்தான்.

சரி, டிக்கெட் எடுக்கலாமா? இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி விமானமே இல்லையே! சேலத்துக்கு 2023 அக்டோபரிலும் புதுச்சேரிக்கு 2024 டிசம்பர் 20-ந்தேதியும் இண்டிகோ விமானம் வந்தது. இரண்டுக்கும் பெங்களூரு தொடர்பு கிடைத்தது. அப்படி மாறிப் போனால் 161 கி.மீ. வடக்கே போய், அங்கிருந்து 266 கி.மீ. திரும்பி வர வேண்டும். மொத்தம் 427 கி.மீ. பெங்களூருவில் காத்திருக்கும் நேரம் தனி. அதற்குள் பஸ்சில் போனவர் வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருப்பார்.

சேலத்தின் பழைய கதையும் நம்பிக்கை தருவதாக இல்லை. 2009-ல் கிங்பிஷர் வந்தது, 2011-ல் நின்றது. 2018 மார்ச் 25-ந்தேதி உதான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, 2021-ல் அதுவும் நின்றது. புதுச்சேரியிலும் 2024 மார்ச்சில் ஸ்பைஸ்ஜெட் போய்விட்டது.

நடுவில் இருப்பவர்களுக்கு?

எலவனாசூர்கோட்டையில் இருந்து புதுச்சேரி ஏர்போர்ட்டுக்கு ரோட்டில் 100 கி.மீ.க்குள். சேலம் ஏர்போர்ட்டுக்கு சுமார் 140 கி.மீ. எந்தப் பக்கம் போய் விமானம் ஏறினாலும் அந்த நேரத்தில் ரோட்டிலேயே ஊர் போய்ச் சேரலாம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டுமே உதவாது. சுமார் 150 கி.மீ.யில் திருச்சி, 200 கி.மீ.யில் சென்னை. அதுதான் இப்போதும் வழி.

இதைவிடப் பக்கத்தில், நேர்கோட்டில் 40 கி.மீ.யில் ஒரு ஓடுபாதை இருக்கிறது. அது நெய்வேலி. என்.எல்.சி. நிறுவனத்துக்குச் சொந்தமானது. 2017-ல் உதான் முதல் சுற்றிலேயே தேர்வானது. 2024 முடியும் வரை அந்தத் திட்டத்தில் ஒரு பயணியும் அங்கே விமானம் ஏறவில்லை.