கரண்டா, எண்ணெயா?

பழைய கார் ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் மெக்கானிக் முதலில் பிரித்துப் பார்ப்பது இதைத்தான்: கரண்ட் வரல்லையா, எண்ணெய் வரல்லையா? கராஜில் தினமும் கேட்கிற கேள்விதான். ஆனா யுத்தகாலப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேச நாங்க இந்தக் கேள்வியில இருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறோம்.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற கார்களில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. பற்றரியில இருந்து வாற 12 வோல்ட் கரண்ட் கொயிலுக்குள் போகும். டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கிற பொயின்ட் திறக்கிற அந்தக் கணத்தில் கொயிலில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கும். அதை றோட்டர் ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்து கொடுக்கும். 1910 அளவில் அமெரிக்காவில் சார்ள்ஸ் கெட்டரிங் உருவாக்கிய முறை இது. மைனரில் பொயின்ட் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.4 மில்லிமீற்றர்கூட இல்லை. அது கூடினாலோ குறைந்தாலோ வண்டி இழுக்காது.

பிழை பிடிக்கிறதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. கொயிலில் இருந்து வாற நடு வயரைக் கழற்றி, ரப்பர் உறையில் பிடித்து, எஞ்சின் இரும்புக்குக் கிட்ட வைத்துச் சுற்றிப் பார்க்கணும். நீலமாகப் படீரென்று பாய்ந்தால் கொயில் சரி; கோளாறு அதற்கு அங்கால, மூடியிலயோ றோட்டரிலயோ பிளக்கிலயோ இருக்கு. மஞ்சளாக மெலிந்து பாய்ந்தால் பொயின்ட், கொண்டென்சர், பற்றரியைப் பார்க்கணும். பொயின்ட் திரும்பத் திரும்பக் கருகினா கொண்டென்சரில் சந்தேகப்படணும். பிளக்கைக் கழற்றினா அதுவும் கதை சொல்லும்: மண்ணிறம் நல்லது, காய்ந்த கரி என்றால் எண்ணெய் சரியா எரியல்ல, ஈரப் பிசுக்கு என்றால் எஞ்சின் ஒயில் மேலே ஏறுது.

இந்தக் கார்கள் இலங்கையில் இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம் ஆசை மட்டுமில்லை. 1960களில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டதும் இறக்குமதி இறுகியது. 1977 வரை புதுக் கார் பெரும்பாலானவர்களுக்கு எட்டாப் பொருள். இருந்ததைத் திருத்தி ஓட்டினார்கள்.

பிறகு யுத்தம். 1990 இல் சண்டை மீண்டும் வெடித்ததும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து எல்லாம் தடைப்பட்டன. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காபரேட்டரில் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

இதனால அந்தப் பழைய கேள்வியே குழம்பிப் போகுது. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, பிளக்கில் கரி படியும். கரி படிந்த பிளக்கில் ஸ்பார்க் பாயாது. அதாவது கரண்ட் கோளாறாகத் தெரியிறது உண்மையில எண்ணெய்க் கோளாறு. எஞ்சின் 'நொக்' அடிக்கும் என்பதால் ஸ்பார்க்கையும் சற்றுப் பிந்த விடணும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலோடு கலந்து பெயறிங்கைத் தின்னும். சோதனைச்சாவடியில் போட்ட தடை, கடைசியில் பிளக்கின் நுனியில் கரியாக வந்து படியுது.

இதைத் 'தமிழனின் மூளை' என்று பெருமையாகச் சொல்கிற பதிவுகள் நிறைய வருது. கெட்டித்தனம் உண்மைதான், மறுக்கல்ல. ஆனா பிரிட்டனில் 1949 இல் வந்த பெர்கியூசன் டிராக்டர் ஒன்றும் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, மண்ணெண்ணெய் வகை எண்ணெய்க்கு மாறி ஓடியது. அதற்கென்றே செய்த எஞ்சின் அது. எங்கட ஆட்களிடம் இருந்தது அதற்கென்று செய்யாத எஞ்சின். வித்தியாசம் அங்கதான். கெட்டித்தனத்தை மட்டும் கொண்டாடினா, தடை போட்டவர்கள் கதையிலிருந்து நழுவிப் போவார்கள்.

இந்தக் கதை யாழ்ப்பாணத்தோடு முடியிறதும் சரியில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு, ஆயித்தியமலை என்று போனால் உன்னிச்சை. பெரிய குளமும் வயலுமான ஊர். 2007 இல் இராணுவம் கைப்பற்றும் வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. எழுவான்கரையிலிருந்து போகிற சாமான்கள் சோதனையைத் தாண்டித்தான் போகணும். டிராக்டரும் நீரிறைக்கிற மெஷினும் ஓடினால்தான் வேளாண்மை. அங்க எண்ணெய் என்பது ஆடம்பரமில்லை, நெல்லு.

2022 இல் கியூஆர் கோட்டோடு எண்ணெய் வரிசையில் நின்ற தலைமுறை நாங்க. நாடு முழுக்க நின்றதால அது செய்தியானது. படுவான்கரையின் தட்டுப்பாடு அப்படிச் செய்தியாகல்ல. அதை அறிந்தவர்கள் கையில் கறை படிந்த வயதான மெக்கானிக்குகள். புது வண்டிகளில் பொயின்ட்டும் இல்லை, கொண்டென்சரும் இல்லை; அவங்களிட்டக் கேட்க ஆட்களும் குறையுது. 'எப்படித் திருத்தினீங்க?' என்று கேட்டால் தொழில்நுட்பம் கிடைக்கும். 'அண்டைக்கு என்ன சாமான் கிடைக்கல்ல, ஏன் கிடைக்கல்ல?' என்றும் கேட்போம். அப்பதான் வரலாறு கிடைக்கும்.