பதிவேட்டின் அரசியல்: திருநர் உரிமைகளின் நூற்றைம்பது ஆண்டுகள்

2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்கெனத் தனி நலவாரியம் ஒன்றை அமைத்தது. இந்தியாவில் அப்படியொரு வாரியம் அதுவே முதல். ஆறு ஆண்டுகள் கழித்து 2014இல், அதே ஏப்ரல் 15 அன்று, ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் தீர்ப்பளித்தது. நாள் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வழக்கமான வரலாறு, அரசின் மனம் மெல்ல இளகிக் கருணை பிறந்த கதையாகவே எழுதப்படுகிறது. அது பாதி உண்மை. திருநரைப் பெயர் எழுதிப் பட்டியலிடும் வேலையை இந்திய அரசு 2008இல் தொடங்கவில்லை; 1871இலேயே தொடங்கிவிட்டது. பட்டியலின் நோக்கம் பின்னாளில் மாறியது. ஆனால் நீ யார் என்பதை யார் சொல்வது, உன் உறவினர் யார் என்பதை யார் ஏற்பது என்ற இரண்டு கேள்விகளிலும் அரசு இன்றுவரை முழுமையாகப் பிடியைத் தளர்த்தவில்லை. இக்கட்டுரை அந்த இரண்டு கேள்விகளின் வழியே இவ்வரலாற்றைத் தொடர்கிறது.

1871: பெயர், முகவரி, சொத்து

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. பின்னாளில் அச்சட்டத்தை எதிர்த்தோர் மீது பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடும், ‘கைரேகைச் சட்டம்’ என்ற அதன் வழக்குப் பெயரும் நம் நினைவில் உள்ளவை. ஆனால் அந்த மூலச் சட்டத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அப்பகுதி முழுக்க அலிகள் என்று அன்றைய அரசு வகைப்படுத்திய மக்களைப் பற்றியது. வடமேற்கு மாகாணங்கள், அவத், பஞ்சாப் ஆகிய பகுதிகளுக்கென இயற்றப்பட்ட அச்சட்டத்தின்படி, சிறுவரைக் கடத்தியதாகவோ, ஆண்மை நீக்கியதாகவோ, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்கீழ் வரும் ‘இயற்கைக்கு மாறான பாலுறவு’க் குற்றம் செய்ததாகவோ சந்தேகிக்கப்படுவோரின் பெயர், இருப்பிடம், சொத்து விவரங்களை உள்ளூர் நிர்வாகம் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை, சந்தேகமே போதும்.

பதிவேட்டில் பெயர் ஏறியவர் பெண்ணுடையிலோ நகையணிந்தோ பொதுத்தெருவில் தோன்றினால், அல்லது கூலிக்கு ஆடினால், பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். இரண்டாண்டு வரை சிறை. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவர் எவரையும் அவர் தம்மிடத்தில் வைத்திருக்கக் கூடாது. 29ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. பதிவு பெற்றவர் காப்பாளராக இருக்க முடியாது, தானம் வழங்க முடியாது, உயில் எழுத முடியாது, தத்தெடுக்கவும் முடியாது.

இந்தக் கடைசிப் பிரிவுக்குக் காரணம் உண்டு. அப்பகுதி குறிவைத்த ஹிஜ்ரா சமூகம் (வட இந்தியத் திருநங்கையர்) குரு, சேலா (சீடர்) என்ற உறவால் கட்டப்பட்டது. குருவின் வீடும் பொருளும் தொழில் நடத்தும் எல்லையும் சேலாவுக்குப் போய்ச் சேரும். உயிலையும் தத்தையும் தடுத்தால் அந்தத் தலைமுறைத் தொடர்ச்சியே அறுந்துபோகும். வட இந்திய ஹிஜ்ராக்கள் மீதான காலனிய ஆட்சியின் நடவடிக்கைகளை விரிவாக ஆராய்ந்த ஜெசிகா ஹிஞ்சி, இச்சமூகம் காலப்போக்கில் இல்லாமலே போக வேண்டும் என்பதே அன்றைய அதிகாரிகளின் எண்ணமாக இருந்தது என்பதை ஆவணங்கள் வழியே காட்டுகிறார். உடை மீதான தடை வெளியில் தெரிந்த வன்முறை. சொத்துரிமை மீதான தடையே வேரில் வைத்த கத்தி.

சென்னை மாகாணத்துக்கு அந்த இரண்டாம் பகுதி அப்போது நீட்டிக்கப்படவில்லை. அதை வைத்து ‘நம் மண் எப்போதும் அரவணைத்தது’ என்று பெருமை பேசுவோர் உண்டு. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு சென்னைக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு 1919இல் ஏறக்குறைய அதே வாசகங்களோடு தனிச் சட்டம் இயற்றியது. தெலங்கானா உயர் நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது 2023 ஜூலையில்தான். கர்நாடகத்தின் கதை இன்னும் வியப்பானது. விடுதலை பெற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின்னரும், 2011இல் அம்மாநிலக் காவல் சட்டத்தில் 36ஏ என்ற புதிய பிரிவு நுழைந்தது. சந்தேகத்துக்குரிய திருநரின் பெயர், முகவரி கொண்ட பதிவேட்டைக் காவல் துறை பராமரிக்கலாம் என்று அது சொன்னது. 1871ஐ எடுத்து வைத்துப் படியெடுத்ததுபோல இருந்தது. போராட்டமும் வழக்கும் நடந்த பின் 2016இல் அதன் வாசகம் திருத்தப்பட்டது.

கூவாகமும் எய்ட்ஸ் நிதியும்

விடுதலைக்குப் பிந்தைய தமிழ்நாட்டில் திருநங்கைகள் பொதுச் சமூகத்தின் கண்ணில் பட்டது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரையில், கூவாகத்தில். கூத்தாண்டவர் கோயிலில் பாரதக் கதையின் அரவானுக்கு மனைவியராகித் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் அதை அறுத்து ஒப்பாரி வைப்பதும் பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு வற்றாத விருந்து. மீதமுள்ள நாட்களில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள், யார் வீடு வாடகைக்குத் தருகிறார், காவல் நிலையத்தில் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் அந்தப் படங்கள் கேட்கவில்லை.

மாற்றம் வந்த வழி எதிர்பாராதது. 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. 1990களில் தடுப்புப் பணிக்கு நிதி வரத் தொடங்கியதும் சென்னையில் சகோதரன் போன்ற அமைப்புகள் உருவாயின. ஆணுறை வழங்கவும் ஆலோசனை சொல்லவும் திருநங்கைகளே களப்பணியாளர்களாக அமர்த்தப்பட்டார்கள். அலுவலகம், சம்பளம், கூட்டம் நடத்தும் அனுபவம், அதிகாரியோடு பேசும் பழக்கம் எல்லாம் அதன் வழியே கிடைத்தன. இந்த நிதி இல்லாமல் இயக்கம் இவ்வளவு விரைவில் காலூன்றியிருக்காது என்பதே என் கணிப்பு. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. சுகாதாரத் துறையின் தாள்களில் அவர்கள் நோய் பரவும் ‘அபாயக் குழு’வாகப் பதிவானார்கள். காவல் துறையின் சந்தேகம் போய் மருத்துவத் துறையின் சந்தேகம் வந்தது. திருநம்பிகளோ அந்தக் கணக்கில் இடமே பெறவில்லை. அவர்களின் அமைப்புகள் பல ஆண்டுகள் பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருநங்கைகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதத் தொடங்கியது இக்கட்டத்தில்தான். ரேவதி ‘உணர்வும் உருவமும்’ நூலில் தம்மைப் போன்றோரின் வாய்மொழிகளைத் தொகுத்தார். அவருடைய தன்வரலாறு 2010இல் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வெளிவந்துவிட்டது. தமிழில் ‘வெள்ளை மொழி’யாக வந்தது 2011இல். லிவிங் ஸ்மைல் வித்யாவும் பிரியா பாபுவும் எழுதினார்கள். ஆய்வாளருக்கு இந்த நூல்கள் முக்கியமாவது ஒரு காரணத்தால்: ஜமாத் எனப்படும் குரு, சேலாக்களின் குழுமத்தை உள்ளிருந்து காட்டுகின்றன. குருவின் பேரில் சேலாவாக ‘ரீத்து’ போடுவது, நாயக்குகள் எனும் தலைவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்வது, ‘நிர்வாணம்’ எனும் ஆணுறுப்பு நீக்கத்துக்குப் பின் குருவின் வீட்டில் நடக்கும் பராமரிப்பு, சேலா சம்பாதித்ததில் குருவுக்குப் போகும் பங்கு என எல்லாம் அவற்றில் வருகின்றன. ஜமாத் அடைக்கலமும் தருகிறது, அடக்கியும் வைக்கிறது. இரண்டையும் மறைக்காமல் எழுதியவர்கள் அவர்களே.

அதே காலத்தில் நீதிமன்றத்துக்கும் வழி திறந்தது. சென்னையில் காவல் நிலையத் துன்புறுத்தல் தாளாமல் திருநர் ஒருவர் 2006இல் தீக்குளித்து இறந்தார். அவ்வழக்கில் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் ஆணையிட்டது. தமிழ்நாட்டில் திருநர் உரிமை பற்றிப் பேசுவோர் 2008இலிருந்து தொடங்குவதைவிட இந்த மரணத்திலிருந்து தொடங்குவதே நேர்மை.

அட்டையும் அதன் வாசலும்

நலவாரியம் செய்தவற்றைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அடையாள அட்டையும் குடும்ப அட்டையும் கிடைத்தன. அரசுக் கல்லூரிச் சேர்க்கையில் தனிக் கட்டம் வந்தது. சென்னை அரசு மருத்துவமனையில் பாலின மாற்று அறுவை சிகிச்சை இலவசமாயிற்று. அதுவரை மருத்துவப் பயிற்சியற்ற தாயம்மாவின் கத்தியை நம்பியிருந்தவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கலைஞர் கருணாநிதி ஆட்சியில் ‘அரவாணி’ போய்த் ‘திருநங்கை’ என்பது அரசு வழக்காயிற்று. 2021இல் நகரப் பேருந்துகளின் கட்டணமில்லாப் பயணம் திருநங்கைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது.

ஆனால் அட்டை வேண்டுவோர் மாவட்டக் குழுவின் முன் நிற்க வேண்டியிருந்தது. தாம் திருநங்கைதான் என்று மற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எண்ணிக்கையிலும் இதே கதைதான்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘மற்றவர்’ என்ற கட்டத்தில் நாடு முழுவதும் 4,87,803 பேரையும் தமிழ்நாட்டில் 22,364 பேரையும் காட்டியது. நலத்திட்டம் முன்னோடியாக நடக்கும் மாநிலத்தில் இவ்வளவு குறைந்த எண் எப்படி? வீட்டுத் தலைவர் சொல்வதைக் கணக்கெடுப்பாளர் எழுதிக்கொள்கிறார் என்பதை நினைத்தால் விடை கிடைக்கும். மகனை வீட்டைவிட்டுத் துரத்திய தகப்பன் ‘மற்றவர்’ என்று சொல்லப்போவதில்லை.

பிறர் ஒப்புதல் என்ற இந்த வாசலைத்தான் நால்சா தீர்ப்பு உடைத்தது. நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றனர். திருநரைச் சமூக, கல்வி அடிப்படையில் பின்தங்கியோராகக் கருதி இடஒதுக்கீடு தர வேண்டும் என்றும் பணித்தனர். அடுத்த ஆண்டே திமுக உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. எந்த அவையிலும் தனிநபர் மசோதா நிறைவேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் பணிக்குத் தகுதி பெற்றார். பட்டியல் வைத்து வேட்டையாடிய துறைக்குள்ளேயே ஒரு திருநங்கை சீருடையோடு நுழைந்தார்.

பிறகு வந்த ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் கதவைப் பாதி மூடியது. முந்தைய வரைவுகளில் இருந்த மாவட்ட ஆய்வுக் குழுவும் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவும் எதிர்ப்பால் நீங்கின. ஆனால் சான்றிதழ் தருபவர் மாவட்ட ஆட்சியர். ஆண் என்றோ பெண் என்றோ மாற்றி எழுத வேண்டுமானால் அறுவை சிகிச்சைக்கான மருத்துவச் சான்று தேவை. திருநரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குவோருக்கு அதிகபட்சம் இரண்டாண்டுச் சிறை மட்டுமே. பெண்ணைத் துன்புறுத்தினால் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கும் எவரும் இதை நியாயம் என்று சொல்ல மாட்டார்கள்.

இடஒதுக்கீட்டில் தமிழ்நாடே சறுக்கியது. 2015இல் திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது அரசு. முற்போக்காகத் தோன்றிய இந்த ஆணையின் கோளாறை முதலில் உரக்கச் சொன்னவர்கள் கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைகள். பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கைக்கு இதனால் தனிப் பயன் ஏதுமில்லை. அவர் தம் சாதிப் பட்டியலிலேயே மற்ற எல்லோரோடும் போட்டியிட வேண்டும். பாலினத்தைச் சாதியாக எண்ணியதால் வந்த வினை இது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உள்ளதுபோல ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் கிடைமட்டமாக இடம் ஒதுக்குவதே தீர்வு. கர்நாடகம் 2021இல் அப்படி 1 விழுக்காடு அளித்தது. காவல் பதிவேட்டைப் புதுப்பித்த மாநிலம் பத்தே ஆண்டில் இந்த ஒன்றில் தமிழ்நாட்டை முந்திவிட்டது.

உறவென்று எதைச் சொல்வது

உன் உறவினர் யார் என்பதை யார் ஏற்பது என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம். 2019 சட்டம் ‘குடும்பம்’ என்பதற்கு வரையறை தருகிறது: இரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து. குருவும் சேலாவும் இதில் இல்லை. பெற்றோர் பராமரிக்க இயலாத திருநரை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பும்படி நீதிமன்றம் ஆணையிட வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. திருநர் மீதான வன்முறையின் முதற் களமே பிறந்த வீடு என்பது தன்வரலாறுகள் அத்தனையிலும் உள்ளது. வீடு, இல்லையேல் விடுதி என்று மட்டும் யோசிக்கும் சட்டம், நூற்றாண்டுகளாக அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட அமைப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. 1871 சட்டம் ஜமாத்தின் உறவை உடைக்க முனைந்தது, 2019 சட்டம் அப்படியொன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. விளைவு அவ்வளவு வேறல்ல. குரு இறந்தால் அவர் பெயரிலுள்ள வீட்டுக்கு உரிமை கேட்டு வருவது பல பத்தாண்டுகள் முகம் பார்க்காத அண்ணன் தம்பியே.

இங்கே மாற்றுப் பாதை காட்டியது சென்னை உயர் நீதிமன்றம். 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தின் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார். தூத்துக்குடியில் கோயிலில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்ததிலிருந்து எழுந்த வழக்கு அது. அதே தீர்ப்பு இடைபாலினக் குழந்தைகள் மீதான தேவையற்ற அறுவை சிகிச்சையையும் தடுக்கச் சொன்னது, அரசாணையும் வந்தது. 2021 ஜூனில், தன்பாலின இணையர் பாதுகாப்பு கேட்ட சுஷ்மா வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தாம் இவ்விஷயத்தை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி உளவியலாளரிடம் அமர்ந்து கேட்ட பின்னரே தீர்ப்பு எழுதினார். பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை, காவலர் நடத்தை விதிகளில் திருத்தம் ஆகியவை அதிலிருந்து வந்தவை. 2023இல் அதே வழக்கின் தொடர்ச்சியாக, தன்பாலின இணையர் தம் உறவைப் பதிவு செய்துகொள்ள ‘குடும்ப இணைவு ஆவணம்’ ஒன்றை அரசு பரிசீலிக்கலாம் என்றார். தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துச் சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. 2025 மே மாதம், தன் இணையோடு வாழ விரும்பிய பெண்ணை அவர் குடும்பத்தினர் தடுத்த வழக்கில், தேர்ந்துகொண்ட உறவும் குடும்பமே என்று அதே உயர் நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டு அரசின் திருநர் கொள்கை அவ்வாண்டிலேயே வெளியானது.

இந்தத் தீர்ப்புகள் எல்லாம் இணையர் இருவரின் உறவைப் பற்றியவை. குரு, சேலா உறவு இவற்றிலும் 2019 சட்டத்திலும் முழு உறவாக ஏறவில்லை. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் தனிச் சட்டத்திருத்தம் கொண்டுவந்து, சடங்கில்லா உறவையும் செல்லுபடியாக்கியது தமிழ்நாட்டுச் சட்டமன்றம். ஜமாத்தின் வாரிசுரிமையையும் அதே துணிவோடு அது எடுத்துக்கொள்ள வேண்டும். கிடைமட்ட இடஒதுக்கீட்டு ஆணையை அதற்கு முன்பே வெளியிட வேண்டும்.