தலப்பா யாருக்குச் சொந்தம்?

பழைய சமாச்சாரம் எதுவாக இருந்தாலும் 'அது ஹைதர் காலத்துது' என்போம். திண்டுக்கல்லில் இதைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லணும். ஏனென்றால் இங்கே ஹைதர் அலி நிஜமாகவே குடியிருந்திருக்கிறார்! 1755-ல் மைசூர் ராஜ்ஜியம் அவரை இங்கே ஃபவுஜ்தாராக அனுப்பியது. பிரெஞ்சுக்காரர்களைத் துணைக்கு வைத்து ஆயுதச் சாலை அமைத்து, பெரிய ஆளாக அவர் தலையெடுத்தது இந்த மலைக்கோட்டையின் நிழலில்தான். 1792 உடன்படிக்கைப்படி, ஊர் திப்பு கையிலிருந்து வெள்ளைக்காரன் கைக்குப் போனது.

அதனால் திண்டுக்கல் பிரியாணியையும் ஹைதரின் குதிரைப்படையோடு முடிச்சுப்போட யாருக்கும் ஆசை வரும். போடாதீர்கள். இன்று திண்டுக்கல் என்றதும் நாக்கில் ஊறுகிறதே, அந்தப் பெயரின் சரித்திரம் ரொம்பச் சின்னது. 1957-ல் ஆரம்பிக்கிறது.

அந்த வருஷம் நாகசாமி நாயுடு என்பவர் இங்கே ஓர் ஓட்டல் திறந்தார். (நம் ஊரில் ஓட்டல் என்றால் படுக்க அல்ல, சாப்பிட!) பெயர், 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்'. விலாஸ் என்றதும் இட்லி-சாம்பார் வாசனைதானே வரணும்? இங்கே வந்தது ஆட்டுக்கறி வாசனை. நீள அரிசி கிடையாது. சீரகத்தை நினைவூட்டும் பொடிசான சீரகச் சம்பா. கறியும் சின்னச் சின்னத் துண்டுதான். புளிப்புக்குத் தயிரும் எலுமிச்சையும், காரத்துக்கு மிளகு. சம்பா அரிசி மசாலாவை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால், கறித்துண்டு தீர்ந்த பிறகும் வெறும் சோறு ருசிக்கும். இந்தப் பிரியாணியின் கெட்டிக்காரத்தனமே அதுதான் என்பேன்.

நாயுடு எப்போதும் தலையில் தலப்பா கட்டியிருப்பார். சாப்பிட வந்தவர்கள் பலகையைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தார்கள். 'தலப்பாகட்டி கடைக்குப் போலாம்யா' என்று பேச்சு பரவி, ஆனந்த விலாஸ் மெள்ள மறைந்தது. தலையணையான 'திண்டு' மாதிரி பாறை இருப்பதால்தான் திண்டுக்கல் என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். தலையணை பேரில் ஊர், தலப்பா பேரில் ஓட்டல்... பொருத்தம்தான்!

இப்படிப் பெயர் வைப்பது நம் ஜனங்களுக்குக் கைவந்த கலை. திருநெல்வேலியில் மங்கிய வெளிச்சத்தில் அல்வா விற்ற கடை 'இருட்டுக்கடை' ஆகவில்லையா? முதலாளி ஒரு பெயரை யோசித்து, பெயின்டருக்குக் காசு கொடுத்து எழுதுவார். சாப்பிடுகிறவன் காசே கொடுக்காமல் வேறொன்றை வைத்துவிடுவான். அதுதான் நிற்கும்.

சிக்கல் அங்கேதான். ஊர் வைத்த பெயர் யாருக்குச் சொந்தம்?

'தலப்பாகட்டு' என்று கடைசி எழுத்தை மட்டும் மாற்றிச் சென்னையில் பிரியாணிக் கடை முளைத்தது. திண்டுக்கல் குடும்பமும் 2000-களின் இறுதியில் சென்னைக்கு வர, விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலப்பா என்பது எவரும் கட்டக்கூடிய துணி, அதற்கு எப்படி ஏகபோகம்? நியாயமான கேள்விதான். ஆனால் 'தலப்பாகட்டி' என்று கேட்டதும் சாப்பிடுகிறவன் மனசில் எந்தக் கடை வருகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2011-ல் தீர்ப்பு திண்டுக்கல் குடும்பத்தின் பக்கமே சாய்ந்தது. ஜனங்கள் இலவசமாகக் கொடுத்த பட்டப்பெயர், சட்டப்படி ஒரு குடும்பத்தின் சொத்தாகிவிட்டது!

எனக்கு இதில் அரை மனசுதான். காரணம், பக்கத்து மதுரை மாவட்டத்து முனியாண்டி விலாஸ். திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி சாமியின் பெயரை, அந்த வட்டாரத்துக்காரர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டல் வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே பெயர். வருஷத்துக்கு ஒருமுறை சாமிக்குப் படையல் போட்டு, பிரியாணியையே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். சாமி பேர் என்பதால் பங்குபோட முடிந்தது. தாத்தாவின் தலப்பாவை அப்படிப் பங்குபோட எந்தப் பேரனுக்கு மனசு வரும்? நாயுடுவின் பேரன் நாகசாமி தனபாலன் அந்தத் தலப்பாவோடு ஊர் ஊராகக் கிளை பரப்பினார். கடல் தாண்டியும் போனார்.

காகிதத்தில் இந்த ஓட்டலின் முழுப்பெயர் 'தலப்பாகட்டி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்'. ஊர் வைத்தது முன்னால், முதலாளி வைத்தது பின்னால். திண்டுக்கல்லில் இறங்கி, 'ஆனந்த விலாஸுக்குப் போப்பா' என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். 'அது எங்க சார் இருக்கு?' என்று அவர் திருப்பிக் கேட்டால், கோபப்படாதீர்கள்.