மலைக்கு ஒரு மின் சைக்கிள்: பல்சக்கர ரயில் முதல் இணையக் கடை வரை

நீலகிரியில் குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் பக்கத்தில் இருக்கிறது ஜெகதளா பேரூராட்சி. படகர் ஊர்களும் தேயிலைத் தோட்டங்களும் சூழ்ந்த இடம். இந்தச் சின்ன ஊரின் பெயர் ஒரு காலத்தில் லண்டன் வரை தெரிந்திருந்தது. இன்று முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி இருக்கும் வெலிங்டனுக்கு, 1850களில் அங்கே ராணுவக் குடியிருப்பு கட்டியபோது ஆங்கிலேயர் எழுதிய பெயர் 'ஜக்கதல்லா' என்பதுதான். வெலிங்டன் பிரபுவின் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த ஊர்ப் பக்கம் சைக்கிள் என்றாலே சிரிப்பார்கள். இறங்கும்போது ஏறி உட்காரலாம். ஏறும்போது இறங்கித் தள்ள வேண்டும்! சமவெளியில் பால்காரர், தபால்காரர், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் வாகனமாக இருந்த சைக்கிள், மலையில் மட்டும் பொழுதுபோக்காகவே நின்றுவிட்டது. இப்போது மின் மோட்டார் வைத்த மலைச் சைக்கிள் வந்த பிறகு அந்த நிலை மாறக்கூடும் என்கிறார்கள். ஆனால் அதை வாங்கும் இடம் பெரும்பாலும் கடைவீதி அல்ல, கணினித் திரை. கையால் தொடாத பொருளை, முகம் பார்க்காத வியாபாரியிடம், பெரும் தொகை கொடுத்து வாங்குவது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேட வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

மலைக்கு இயந்திரம் வாங்கிய பழைய கதை

நீலகிரிக்காக வெளிநாட்டு இயந்திரம் தேடியவர்கள் நூறு வருடங்களுக்கு முன்பே உண்டு. 1882ஆம் ஆண்டு நிக்லாஸ் ரிக்கன்பாக் என்ற சுவிட்சர்லாந்து பொறியாளர் நீலகிரிக்கு வந்தார். ரிகி மலையில் பல்சக்கர ரயில் ஓட்டிக் காட்டியவர் அவர். அதாவது விற்பவரே மலையைப் பார்க்க வந்தார்! திட்டமும் மதிப்பீடும் கொடுத்தார். ஆனாலும் வேலை உடனே நடக்கவில்லை. ஒரு கம்பெனி தொடங்கியது, பணம் போதாமல் நொடித்தது, இன்னொன்று வந்தது. கடைசியில் 1899ஆம் ஆண்டுதான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஓடியது. ஊட்டியை எட்ட 1908 ஆயிற்று.

அப்போதும் ரிக்கன்பாக்கின் முறையைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆப்ட் என்ற இன்னொரு சுவிஸ்காரரின் முறையே வந்தது. அதில் இரண்டு பல்பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் பல் முடியும் இடத்தில் மற்றதன் பல் தொடங்கும். எனவே எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடித்துக்கொண்டே இருக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை, 12 அடி போனால் ஏறக்குறைய ஓர் அடி உயரும் சரிவு. அந்தச் சரிவுக்கு எது பொருந்தும் என்று பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

இந்தக் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பாதையில் ஓடிய எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புது எஞ்சின்களே செய்தார்கள். உள்ளூரில் பழுது பார்க்கவும் உதிரிப்பாகம் செய்யவும் ஆள் இருந்ததால்தான் ஒரு நூற்றாண்டு தாண்டியும் அந்த ரயில் ஓடுகிறது. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மின் சைக்கிள் புதிதல்ல

மின் சைக்கிள் இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது குன்னூர் ரயிலை விட மூத்தது! 1895ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் ஆக்டன் போல்டன் என்பவர், பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். 1897ல் பாஸ்டனைச் சேர்ந்த ஹோசியா லிபி, பெடல் அச்சில் மோட்டார் வைக்கும் யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் 'ஹப் மோட்டார்', 'மிட் டிரைவ்' என்று இரண்டு வகை சொல்கிறார்களே, அந்த இரண்டும் அப்போதே தாளில் வந்துவிட்டன.

பிறகு ஏன் நூறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது? காரணம் பேட்டரி. ஈய அமில பேட்டரியின் கனத்தைச் சுமக்கவே சக்தியில் ஒரு பங்கு போய்விடும். 1991ஆம் ஆண்டு சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1993ல் யமஹா, மிதிக்கும் விசைக்கு ஏற்ப மோட்டார் உதவும் 'பாஸ்' சைக்கிளை ஜப்பானில் விற்கத் தொடங்கியது.

மலைச் சைக்கிளின் கதை தனி. 1970களில் கலிபோர்னியாவின் மாரின் பகுதியில் இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண்பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். அதிலிருந்து அகல டயரும் நிறைய கியரும் உள்ள வகை பிறந்தது. கவனியுங்கள், அது பிறந்ததே இறங்குவதற்காக! ஏறுவதற்கு மோட்டார் வந்து சேர்ந்தது வெகு பிறகு.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1949ஆம் ஆண்டு தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் செய்தது. 2008ல் கோவையில் ஹேமலதா அண்ணாமலை தொடங்கிய ஆம்பியர் நிறுவனம் ஆரம்ப வருடங்களில் மின் சைக்கிளும் செய்தது. 2018ல் அதை கிரீவ்ஸ் காட்டன் வாங்கியது. இன்று அந்தப் பெயர் மின் ஸ்கூட்டருக்கே தெரியும். 2019ல் ஹீரோ சைக்கிள்ஸ், யமஹாவின் நடு மோட்டார் வைத்த மலைச் சைக்கிளை சுமார் 1.3 லட்சம் ரூபாய்க்கு இந்தியாவில் விட்டது.

விளம்பரமும் கணக்கும்

'ஒரு சார்ஜில் 60 கிலோமீட்டர்' என்று விளம்பரம் சொல்லும். எந்தச் சாலையில்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர். குன்னூர் ஏறக்குறைய 1,700 மீட்டர். ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிள் 25 கிலோ, ஆக 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே சுமார் 340 வாட்-மணி தேவை. டயர் உராய்வு, மோட்டாரில் வெப்பமாக வீணாவது எல்லாம் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 500-க்கு மேல் வேண்டும். சாதாரண மின் சைக்கிளின் பேட்டரியோ 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 360 வாட்-மணி. ஆகவே மிதிக்காமல் உட்கார்ந்து வந்தால் வழியில் எங்கோ நின்றுவிடும். விளம்பரம் பொய் என்று சொல்ல முடியாது. அது சமதரைக்குச் சொன்ன உண்மை.

ஆனால் ஓட்டுபவர் மிதித்தால் கணக்கு மாறுகிறது. 100 வாட் அளவுக்கு இரண்டரை மணி நேரம் மிதித்தால் 250 வாட்-மணி அவரே கொடுத்துவிடுகிறார். மிச்சத்தை அதே பேட்டரி தாராளமாகத் தரும்.

அடுத்தது மோட்டார் இருக்கும் இடம். ரயில் பாதை போன்ற 12-க்கு 1 சரிவில் 250 வாட் மோட்டார் தனியாக இழுத்தால் வேகம் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்தான். சக்கரத்திலேயே இருக்கும் மோட்டார் இந்தக் குறைந்த வேகத்தில் மெதுவாகச் சுற்றும், சூடேறும், மின்சாரத்தை வீணாக்கும். பெடல் அச்சில் இருக்கும் மோட்டாருக்கு அந்தத் தொல்லை குறைவு. கியரைக் குறைத்துக்கொண்டு அது தன் இயல்பான வேகத்திலேயே சுற்றும். விலை அதிகம், செயினும் சீக்கிரம் தேயும். இருந்தாலும் மலைக்கு அதுதான் பொருத்தம்.

பிரேக்கை மறக்கக் கூடாது. ஏறும்போது சேர்த்த அந்த 340 வாட்-மணியும் இறங்கும்போது வெப்பமாக வெளியேற வேண்டும். கியர் வைத்த சிறிய ஹப் மோட்டார்கள் பெரும்பாலும் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருவதில்லை. எனவே எல்லாச் சுமையும் பிரேக் மேல்தான். கொண்டைஊசி வளைவுகளில் நல்ல டிஸ்க் பிரேக் ஆடம்பரம் அல்ல, உயிர்.

வி.பி.பி. முதல் இணையக் கடை வரை

இனி விற்பவர் பக்கம் வருவோம். பார்க்காமல் வாங்குவது இணையத்தோடு தொடங்கியதல்ல. 1872ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாண்ட்கோமரி வார்டு என்பவர் விலைப்பட்டியலைத் தபாலில் அனுப்பிக் கிராமத்து மக்களுக்குப் பொருள் விற்றார். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்ற வாக்குறுதியும் தந்தார். இந்தியத் தபால் துறை 1877ல் வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. தபால்காரரிடம் பணம் கொடுத்தால் பொட்டலம் கைக்கு வரும். பணம் கொடுத்த பிறகுதான் பிரிக்கலாம் என்பதுதான் அதில் சங்கடம். ரேடியோ கேட்டால் செங்கல் வந்தது போன்ற நகைச்சுவைகள் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வந்ததற்குக் காரணம் இதுவே. 2010ல் ஃபிளிப்கார்ட் கொண்டுவந்த 'பொருள் வந்ததும் பணம்' முறை ஒரு வகையில் வி.பி.பி.யின் பேரப்பிள்ளை எனலாம்.

சட்டமும் மெதுவாக நடந்து வந்தது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, 'வாங்குபவரே எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்ற பழைய கொள்கையிலிருந்து தொடங்குகிறது. பிகாம் மாணவர்கள் எல்லோரும் படித்ததுதான். அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. எந்தத் தேவைக்கு என்று விற்பவரிடம் சொல்லி, அவர் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். ஆனால் குறிப்பிட்ட பிராண்டின் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே, 'குன்னூர் மலைப்பாதையில் தினமும் ஏற எது பொருந்தும்?' என்று எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவதற்குப் பெரிய மதிப்பு உண்டு.

1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் வழக்கைப் பொதுவாக எதிர்தரப்பு இருக்கும் இடத்திலோ, வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் போட முடியும். மலைக்காரர் ஒருவர் டெல்லி வியாபாரியோடு இந்த விஷயத்தில் மல்லுக்கட்டுவது எளிதா? 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் இதைத் திருப்பிப் போட்டது. 2020 ஜூலை முதல், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஜெகதளாவில் வசிப்பவர் நீலகிரி மாவட்ட ஆணையத்தையே நாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இந்த வரலாற்றில் சாதாரண மனிதருக்குக் கிடைத்த பெரிய வெற்றி இதுதான்.

அதே மாதம் வந்த மின்வணிக விதிகள் விற்பவருக்குச் சில கடமைகளை வைத்தன. சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், பொருள் தயாரான நாடு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். குறை தீர்க்கும் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் போல் வேடமிட்டுத் தன் பொருளைத் தானே புகழ்ந்து எழுதக் கூடாது.

விற்பவரை எடை போடுவது

1970ஆம் ஆண்டு ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பொருளின் குறை விற்பவருக்கு மட்டும் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், மட்டமான சரக்கு நல்ல சரக்கைச் சந்தையை விட்டே விரட்டிவிடும் என்றார். 2001ல் நோபல் பரிசும் பெற்றார். இதற்கு மருந்து, உத்தரவாதம் போன்ற அடையாளங்கள். நேர்மையானவருக்கு அவற்றைத் தருவதில் செலவு குறைவு; ஏமாற்றுபவருக்கு அதிகம். மின் சைக்கிள் விற்பவரை இந்தக் கண்ணால் பார்க்கலாம்.

முதல் சோதனை, சட்டம். மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால்தான் பதிவும் உரிமமும் வேண்டாம். '750 வாட், லைசென்ஸ் தேவையில்லை' என்று ஒருவர் விளம்பரம் செய்தால், அவர் மோட்டாரைப் பற்றி மட்டுமல்ல, தன்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறார்.

இரண்டாவது, பேட்டரி. வோல்ட்டும் ஆம்பியர்-மணியும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா? உத்தரவாதம் சைக்கிளுக்கு மட்டுமா, பேட்டரிக்கும் சேர்த்தா? மாற்று பேட்டரியின் இன்றைய விலை என்ன? நிறுவனம் கைமாறினாலும், மாடல் நின்றுபோனாலும் அது எத்தனை வருடம் கிடைக்கும்?

மூன்றாவது, திரும்ப அனுப்பும் வழி. லித்தியம் பேட்டரி அபாயகரச் சரக்கு வகையைச் சேர்ந்தது. எல்லாக் கூரியரும் எடுத்துக்கொள்ளாது. 'ஏழு நாளில் திருப்பித் தரலாம்' என்பது தாளில் அழகாக இருக்கும். மலையிலிருந்து பேட்டரியை யார் இறக்குவது, செலவு யாருடையது என்று முன்பே கேட்க வேண்டும். பழுதானால் ஊருக்கு ஆள் வருவாரா, கோவை வரை வண்டியேற்றிக் கொண்டுபோக வேண்டுமா?

நான்காவது, எளிய சோதனை. வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள். பணம் வாங்கும் முன்பே பதில் சொல்லாதவர், வாங்கிய பின் சொல்வார் என்று எதிர்பார்ப்பது வீண். அப்படியும் தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

ரிக்கன்பாக் அன்று மலையைப் பார்க்க நேரில் வந்தார். இன்றைய வியாபாரி வரமாட்டார். ஆகவே மலையை அவரிடம் கொண்டுபோகும் வேலை வாங்குபவருடையது. எவ்வளவு எடை, எவ்வளவு உயரம், எத்தனை கிலோமீட்டர் என்று மூன்று எண்களை எழுதி அனுப்பினால் போதும். அதற்கு வரும் பதில், சைக்கிளைப் பற்றியும் சொல்லும், விற்பவரைப் பற்றியும் சொல்லும்.