நம் பழைய பானங்களும் அவை இழந்த பெயர்களும்

ஒரு சமூகத்தார் உடுக்கும் உடையிலும் உண்ணும் உணவிலும் அவர்தம் வரலாறு புலப்படுவதுபோலவே, அவர்கள் விடாய் தீரப் பருகும் நீரிலும் அது புலப்படும். ஆதலின், நம் நாடார் பெருங்குடி மக்களின் இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் மூன்று பானங்களைப் பற்றி இவ்விதழிற் சில கூறத் துணிந்தோம். அவை பதநீர், சுக்குநீர், நன்னாரிநீர் என்பன. மூன்றும் மயக்கந் தராதவை. மூன்றும் மரத்தினின்றும் வேரினின்றும் பெறப்படுபவை. மருந்தாகவும் விருந்தாகவும் ஒருங்கே உதவுபவை. மூன்றற்கும் பொதுவான செய்தி வேறொன்றும் உண்டு. அவை மூன்றும் தத்தம் பெயரைப் பிறர்பால் இழந்தவை. அவ்வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதற்கண் பதநீரைக் காண்போம். பங்குனி தொடங்கி ஆடி வரையில் தென்பாண்டிச் சீமையிலே பனைகள் சாறு சொரியும் காலம். பனையேறும் நம் முன்னோர் விடியுமுன் எழுந்து, தளைநாரைக் காலிலிட்டு, அரிவாட்பெட்டியை இடையிற் கட்டிக்கொண்டு புறப்படுவர். ஒரு நாளில் 30, 40 மரங்கள் ஏறியிறங்குதல் அவர்க்கு வழக்கம். பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, நாடோறும் மெல்லிதாகச் சீவிக் கலயத்தைக் கட்டுவர். அக்கலயத்தின் உட்புறத்தே அவர்கள் தடவும் சுண்ணாம்பிலேதான் தொழிலின் நுட்பமெல்லாம் அடங்கியுள்ளது.

பாளையினின்று சொட்டும் சாறு இயல்பில் இனியது. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அதிற் கலந்து, சில மணி நேரத்துக்குள் அவ்வினிப்பை மதுசாரமாக மாற்றத் தொடங்கும். அவ்வாறு மாறியது கள். சுண்ணாம்பின் காரம் அந்நுண்ணுயிர்களைப் பெருகவொட்டாது தடுக்கும். அவ்வாறு காக்கப்பட்டது பதநீர். சுண்ணாம்பு குறைந்தாற் சாறு புளிக்கும். அதனைக் காய்ச்சினாற் கருப்பட்டி இறுகாது. மிகுந்தாற் சுவை கெடும். தராசும் படியுமின்றி, விரலின் பழக்கத்தால் மட்டுமே இவ்வளவை அறிந்திருந்தனர் நம் முன்னோர். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். ஒரு விரற்சுண்ணாம்பு குடிகேட்டையும் குடும்பத்தின் உணவையும் வேறுபிரித்து நிறுத்தியது.

இத்துணைத் தெளிவான வேற்றுமையைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம், பனை தென்னை முதலியவற்றினின்று இறக்குஞ் சாறு புளித்ததாயினும் புளியாததாயினும் அதனைக் கள் என்றே வரையறுத்தது. ஆங்கில ஏடுகளிற் பதநீருக்கு ‘இனிப்புக் கள்’ எனப் பொருள்படும் பெயரே வழங்கலாயிற்று. குழந்தைக்கும் கருவுற்றாளுக்கும் பட்டையிற் பிடித்து ஊற்றிக் கொடுத்த நீர், ஏட்டளவிற் கள்ளின் தங்கையாயிற்று!

1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவிலே மதுவிலக்கைத் தொடங்கியது. 1948 அக்டோபரில் அது மாகாணமெங்கும் பரவியது. கள்ளிறக்கிப் பிழைத்தோர்க்கு மாற்றுத் தொழிலாக வெல்லங் காய்ச்சுதலை அரசினர் ஊக்கினர் என்பதும் உண்மையே. ஆயினும், கலயத்திற் சுண்ணாம்பு போதவில்லையென்று ஐயுற்றுப் பதநீரைத் தரையிற் கொட்டச் செய்த கதைகளை நம் முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. பின்னர்ப் பல மாற்றங்கள் நேர்ந்து, 1987 முதல் தமிழ்நாட்டிற் கள் மீண்டும் விலக்கப்பட்டது. இவ்வளவு மாறுதலுக்கும் இடையே பதநீர் இறக்குவோர் தாம் குற்றமற்றவரென்பதை ஒவ்வொரு முறையும் தாமே நாட்டவேண்டியவராயினர். கல்வியும் வாணிகமும் பெற்று நகரேறிய நம்மவருட் சிலரும், கள்ளின் பழிக்கு அஞ்சிப் பனையின் பெயரையே சொல்ல நாணினர். பிறர் இட்ட பெயரை நாமே நம்பினோம் என்பது வருந்தத்தக்கது.

இனிச் சுக்குநீர். பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்தெடுத்த கருப்பட்டியின்றி இது நிறைவுபெறாது. ஆதலின் இதனைப் பதநீரின் வழித்தோன்றல் எனலாம். தோல் சீவிய சுக்கு ஒரு பங்கு, கொத்தமல்லி விதை இரண்டு பங்கு, மிளகு சிறிது, ஏலம் இரண்டொன்று ஆகியவற்றை இடித்து, கொதிக்கும் நீரிலிட்டுக் கருப்பட்டி சேர்த்து வடிப்பது நம் இல்லத்து முறை. மழைக்காலத்தில் துளசி சேர்ப்பாரும், சளி மிகுந்தோர்க்குத் திப்பிலி சேர்ப்பாரும் உளர். சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்பது நம் பாட்டிமார் வாய்மொழி. இஞ்சி உலர்ந்து சுக்காகுங்கால் அதன் காரப்பொருள் ஒன்று வேறொன்றாக மாறி, உறைப்பு மிகுகின்றதென்பதை இக்கால வேதியியலார் கண்டுரைத்துள்ளனர். குமட்டலை அடக்க இஞ்சி உதவும் என்பதையும் மருத்துவ ஆய்வுகள் ஒப்புகின்றன.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே காப்பி நகரத்து இல்லங்களிலிருந்து சிற்றூர்களுக்குப் பரவிற்று. தேயிலைக்கோ தோட்ட முதலாளிகளின் பெரும்பொருளே துணைநின்றது. 1903இல் தேயிலை ஏற்றுமதிக்குத் தீர்வை விதித்து, அப்பணத்தைக் கொண்டு தேயிலையின் பெருமையைப் பரப்பச் சட்டம் செய்தனர். 1930ஐ ஒட்டி உலக வாணிகம் நலிந்து விலை வீழ்ந்தபோது, உள்நாட்டாரைத் தேநீர்க்குப் பழக்கும் முயற்சி இன்னும் மும்முரமாயிற்று. தேநீரை இலவசமாகவே காய்ச்சி வழங்கினர். சுக்குக்கும் மல்லிக்கும் பரிந்துபேச அத்தகைய செல்வர் எவரும் இலர். முடிவில் நேர்ந்தது யாது? சுக்குநீர் உயிர்பிழைத்திருக்கத் தன்னை வென்றவனுடைய பெயரையே சூட்டிக்கொண்டது. இன்று அதற்குச் சுக்குக்காப்பி என்று பெயர். அதிற் காப்பிக்கொட்டை ஒன்றேனும் இல்லை.

மூன்றாவது நன்னாரி. இக்கொடியின் வேரை எடுத்து, நடுநரம்பை நீக்கி, மேற்பட்டையை இடித்து ஊறவைத்துக் காய்ச்சிச் சர்க்கரைப் பாகிற் கலந்து வைத்துக்கொள்வர். வேண்டுங்கால் குளிர்ந்த நீரும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பருகுவர். சித்த மருத்துவத்தார் இதனை உடற்சூடு தணிப்பதாகவும், சிறுநீரைத் தெளியச் செய்வதாகவும் கொள்வர். இவ்வேரின் மணத்துக்குக் காரணமான பொருள், வனிலாவின் மணப்பொருளோடு ஒரே அணுக்களை ஒரே எண்ணிக்கையில் உடையது. அணுக்களின் அமைப்பு மட்டுமே வேறு. இவ்வேர் கடல்கடந்து சென்று, 1864ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் இடம்பெற்றது. ஆங்கு அதன் மதிப்பு உயர்ந்தது, பெயரோ போயிற்று. அமெரிக்காவின் சார்சபரில்லா என்னும் வேறொரு கொடியின் பெயரைக் கொண்டு, ‘இந்தியச் சார்சபரில்லா’ என்று அதனை வழங்கினர். நம் கடைவீதியிலும் அது சர்பத்து என்னும் அயற்சொல்லோடு சேர்ந்தே வாழ்கின்றது.

பெயர் போனாற் போகட்டும், பொருள் இருந்தாற் போதும் என்று சிலர் கூறலாம். யாமும் அங்ஙனமே கூற விழைவோம். ஆனால் இன்று நிலைமை தலைகீழாய் மாறியுள்ளது. முன்னர்ப் பொருள் இருந்தது, பெயர் போயிற்று. இப்பொழுது பெயர் நிலைத்திருக்கிறது, பொருள் போய்க்கொண்டிருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்துக் காய்ச்சி வார்த்ததும் கருப்பட்டி எனப்படுகின்றது. நிறமும் வாசனைச் சாரமும் ஊட்டிய பாகு நன்னாரிச் சீட்டோடு விற்கப்படுகின்றது. நன்னாரிக்கு மாற்றாக அதே மணமுள்ள மாகாளிக்கிழங்கைக் கணக்கின்றித் தோண்டுவதால் மலைகளில் அதுவும் அருகிவருகின்றது. இவ்வாணிகத்தில் நம்மவரும் உளர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. சட்டம் நம் பதநீரைக் கள்ளென்றபோது சினந்தோம். சர்க்கரைக் கட்டியைக் கருப்பட்டியென்று நாமே விற்கும்போது வாளாவிருத்தல் தகுமோ?

நல்லது செய்வோர்க்கு நன்மதிப்பு உண்டு என்பதற்குச் சான்றுகளும் உள. தமிழ்நாட்டரசு பனையை மாநில மரமாக ஏற்றுள்ளது. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மயக்கந் தராத பானத்தாலும் பெருவாணிகம் செய்யலாமென்பதை 1916இல் விருதுநகரிலே பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனம் நூறாண்டுக்கு மேலாகக் காட்டிநிற்கின்றது.

இப்பானங்களை எல்லா நோய்க்கும் மருந்தெனப் புகழ்தல் எம் கருத்தன்று. கருப்பட்டியும் சர்க்கரையின் இனமே. நீரிழிவுடையார் அதனை அளவறிந்து, மருத்துவரைக் கேட்டே பருகுதல் வேண்டும். மிகைப்புகழும் ஒருவகைப் போலியே என்பதை மறத்தலாகாது.

ஆதலின், சகோதர சகோதரிகளே, உங்களை மூன்று செயல்களுக்கு வேண்டுகிறோம். பனையேறிய முதியோர் இன்னும் வாழும் இல்லத்தார், சுண்ணாம்பின் அளவு, பாளை சீவும் பக்குவம், காய்ச்சும் பதம் ஆகியவற்றை அவர் வாய்மொழியாகவே கேட்டெழுதி நம் சங்கத்துக்கு அனுப்புக. அவர் கையோடு அவ்வறிவும் மண்ணுக்குள் போய்விடலாகாது. திருமணத்திலும் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலிலும் நம் பானங்களில் ஒன்றையேனும் வழங்குக. அதன் உண்மைப் பெயரைச் சொல்லியே வழங்குக. கருப்பட்டியும் நன்னாரியும் விற்கும் வணிகர்கள், தம் சரக்கிற் சர்க்கரை சேர்ந்திருப்பின் அதனை ஒளியாது சீட்டிலே எழுதுக.

கலயத்தில் தடவிய ஒரு விரற்சுண்ணாம்பால் நம் முன்னோர் சாற்றையும் காத்தனர், தம் பெயரையும் காத்தனர். அந்த ஒரு விரலளவு நேர்மையே இன்று நம் தொழிலுக்கும் வேண்டுவது.